திறக்கக் கூடாத கியர்பாக்ஸ்

மார்ச் 3

மாமாவுக்கு,

நேற்று போனில் பதினேழு நிமிடம் பேசினோம். நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி: என் கார் எப்படி இருக்கிறது? "ராஜா மாதிரி படுத்திருக்கு" என்றீர்கள். ஓடுகிறதா என்று கேட்டேன். "ராஜா எதுக்கும்மா ஓடணும்?" என்று சொல்லிவிட்டு நீங்களே சிரித்தீர்கள். அத்தையிடம் போனைக் கொடுங்கள் என்றால் குளிக்கிறாள் என்றீர்கள். அத்தை வாசலில் பேப்பர்காரரைத் திட்டிக்கொண்டிருந்தது எனக்கே கேட்டது.

அதனால் இனிமேல் எல்லாம் எழுத்தில். போன் செய்தால் எடுக்க மாட்டேன். என் வேலை உங்களுக்குத் தெரியும். அடிபட்ட வண்டிகளுக்கு இன்ஷூரன்ஸ் பணம் கேட்டு வருகிறவர்கள் சொல்வது நிஜமா பொய்யா என்று பார்த்து எழுதுவது. வாயால் சொல்லும்போது எல்லோரும் உத்தமர்கள். ஒரு தாளையும் பேனாவையும் நீட்டினால்தான் முழி பிதுங்கும்.

விஷயத்துக்கு வருகிறேன். மூன்று வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்த கள ஆய்வாளர் வேலை எனக்குக் கிடைத்துவிட்டது. புது ஊர். சுற்றிலும் உள்ள ஏழு ஊர்களும் என் பொறுப்பு. ஏப்ரல் ஐந்தாம் தேதி காலை சேர வேண்டும், ஓடுகிற சொந்த வண்டியோடு. உத்தரவில் அப்படித்தான் போட்டிருக்கிறது. வண்டி இல்லையென்றால் வேலை பட்டியலில் எனக்கு அடுத்து இருப்பவருக்குப் போய்விடும். அவர் இப்போதே தன் காரைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார். தினமும் சாப்பாட்டு நேரத்தில், என் ஜன்னலுக்கு நேராக.

இரண்டு வருடத்துக்கு முன்னால் தலைமை அலுவலகத்துக்கு மாற்றல் ஆனபோது, இங்கே நிறுத்த இடமில்லை என்று உங்களை நம்பித்தான் காரை விட்டுவிட்டு வந்தேன். அது ஓடுகிறதா, இல்லையா? பதில் ஒரு வரி போதும்.

உங்கள் அக்கா மகள்

மார்ச் 7

என் ஒரே அக்காவின் ஒரே மகளும், பொய்யர்களின் சிம்ம சொப்பனமுமான மருமகளுக்கு,

இதை நின்றுகொண்டு படிக்காதே. உட்கார். கைப்பிடி வைத்த நாற்காலியாக இருந்தால் உத்தமம்.

கியர்பாக்ஸ் காலமாகிவிட்டது.

ஒரு வரி போதும் என்றாய், கொடுத்துவிட்டேன். ஆனால் ஒரு மாவீரனின் மரணத்தை ஒரு வரியில் அடக்கினால் சரித்திரம் நம்மை மன்னிக்குமா? கேள். போன மாதம் இருபதாம் தேதி, காலை பத்தே கால். தண்ணீர்த் தொட்டிப் பக்கத்து மேடு. முன்னால் ஒரு லாரி, சாவகாசமாக, பெண் பார்க்கப் போகிறவன் மாதிரி ஏறிக்கொண்டிருந்தது. மூன்றிலிருந்து இரண்டாவது கியருக்கு இழுத்தேன். அப்போது ஒரு சத்தம் வந்தது. நாற்பது யானைகள் தகரக் கொட்டகைக்குள் நின்று ஒரே நேரத்தில் செங்கல்லைக் கடித்தால் எப்படி இருக்கும்? அதில் பாதியை யானைகள் இதனிடம் கடன் வாங்க வேண்டும். தெரு நாய்கள் குரைப்பதை நிறுத்திவிட்டு எழுந்து நின்றன. கியர் போட்ட கையை எடுத்து டாஷ்போர்டைப் பிடித்துக்கொண்டேன். இல்லாவிட்டால் இந்தக் கடிதத்தை வேறு யாராவது எழுதியிருப்பார்கள். வண்டி நின்றது. நின்றது நின்றதுதான்.

எட்டுப் பேர் தள்ளி மெக்கானிக் ஷெட்டில் சேர்த்தார்கள். அந்த மெக்கானிக்கை உனக்கு நினைவிருக்கும். நாங்கள் தலையாட்டி என்போம். வருடத்துக்கு நான்கு வார்த்தை பேசுவான், அதில் இரண்டு 'ம்' ஆக இருக்கும். கீழே படுத்துப் பார்த்தான். எண்ணெயை ஒரு டப்பாவில் வடித்தான். இரும்புத்தூள் மினுமினுக்க நகைக்கடை மாதிரி இருந்தது. தலையை இடமும் வலமுமாக ஆட்டினான். முடிந்தது.

இனி என்ன செய்யலாம்? உன் மாமன் மூன்று நாள் தூங்காமல் (மத்தியானம் தவிர) யோசித்தேன். கம்பெனியில் புதுசாக ஒன்று வாங்கிப் போடலாம். ஆனால் இந்த மாடலை அவர்கள் கைகழுவி ஆறு வருடமாகிறது. காரை அப்படியே யாருக்காவது தள்ளிவிட்டு நீ வேறு வாங்கிக்கொள்ளலாம். அல்லது எங்காவது பழைய கியர்பாக்ஸ் ஒன்றைத் தேடிப் பிடித்து மாட்டலாம். அதை நான் பார்த்துக்கொள்கிறேன். நீ எந்த முடிவுக்கு வந்தாலும் தலை வணங்குவேன். ஒன்றே ஒன்று மட்டும் வேண்டாம். தலையாட்டி அதைப் பிரித்துப் பார்க்கிறேன் என்று கையால் ஜாடை காட்டுகிறான். அதைத் திறக்கக் கூடாது. உழைத்து ஓய்ந்த ஜீவன். உள்ளே என்ன நடந்தது என்பது அதோடு போகட்டும்.

வேலை கிடைத்ததற்கு என் கோடானுகோடி வாழ்த்துகள். கார் துடைப்பவனுக்குக் கை வலிக்கட்டும்.

உன் தாய்மாமன்

மார்ச் 10

மாமா,

இரண்டு வருடம் சும்மா நின்றிருக்க வேண்டிய வண்டி. வாரத்துக்கு ஒரு முறை ஸ்டார்ட் செய்து கடைத்தெரு வரை போய் வாருங்கள், பேட்டரி இறங்காமல் இருக்கும் என்றுதான் சொன்னேன். கடைத்தெரு நடந்து போகிற தூரம். அதில் ஒரு கியர்பாக்ஸ் எப்படிச் செத்துப்போகும்? நான் ஒன்பது வருடம் ஓட்டினேன், ஒரு முனகல் கேட்டதில்லை.

இன்னொன்று. போன மாதம் இருபதாம் தேதி நடந்ததை மார்ச் ஏழாம் தேதி சொல்கிறீர்கள். நான் கேட்டிருக்காவிட்டால் எப்போது சொல்லியிருப்பீர்கள்?

இங்கே எங்கள் ஒர்க்‌ஷாப் ஆட்களிடம் விசாரித்தேன். பழைய மாடல் என்பதால் பிரித்துப் பார்த்து, தேய்ந்ததை மட்டும் மாற்றுவதுதான் ஒரே வழி. எது தேய்ந்தது என்று தெரிந்தால்தான் சாமான் ஆர்டர் செய்ய முடியும். ஆர்டர் செய்தால் வர இரண்டு வாரம். மாட்ட இரண்டு நாள். விரலை மடக்கி எண்ணிப் பாருங்கள். பதினைந்தாம் தேதிக்குள் பிரித்தாக வேண்டும்.

ஆகவே முடிவு: பிரிக்கச் சொல்லுங்கள். இன்றைக்கே.

என் அனுபவத்தில் ஒன்று சொல்கிறேன். "அதைத் திறந்து பார்க்க வேண்டாம் மேடம்" என்று யாராவது சொன்னால் நான் முதலில் திறப்பது அதைத்தான்.

காரை இங்கே கொண்டுவந்து சேர்க்கப் போவது நீங்கள் என்பதால் இன்ஷூரன்ஸில் உங்கள் பெயரைச் சேர்க்க வேண்டும். உங்கள் லைசென்ஸ் நகல் ஒன்று அனுப்புங்கள்.

பி.கு.: அத்தை இரண்டு நாளாக என் போனையும் எடுக்கவில்லை. எடுத்தபோது, "உங்க மாமாகிட்டயே கேட்டுக்கோம்மா, எனக்கு அடுப்புல வேலை இருக்கு" என்று வைத்துவிட்டார். அத்தையா இது?

மார்ச் 14

சந்தேகத்தின் திருவுருவே,

நீ கடைத்தெரு வரை என்றாய். நான் உலகம் சுற்றினேன் என்று நினைத்துக்கொண்டாயா? என் ஓட்டும் முறையை நீ அறியமாட்டாய். கியரை மாற்ற மாற்றத்தானே தேய்கிறது? ஆகவே நான் மாற்றுவதே இல்லை. கிளம்புவது மூன்றாவது கியரில், போவது மூன்றாவதில், திரும்பி வருவதும் மூன்றாவதில். மற்ற கியர்களையெல்லாம் உனக்காகப் பொட்டலம் பிரிக்காத சட்டை மாதிரி பத்திரமாக வைத்திருந்தேன். அந்த மூன்றாவது பாவம், தனி ஆளாக உழைத்து மாண்டது. என் சிக்கனத்துக்கு நீ சிலை வைக்க வேண்டாம், திட்டாமல் இருந்தால் போதும்.

இப்போது நற்செய்தி! கியர்பாக்ஸ் கிடைத்துவிட்டது!

ஊர்க்கோடியில் பழைய வண்டி உடைக்கிற இடம் இருக்கிறதே, அங்கே போனேன். இமயம் உயரத்துக்குக் கதவுகள். கடல் போல் டயர்கள். நடுவில் கயிற்றுக் கட்டிலில் ஒருவர் படுத்திருந்தார். மாடலைச் சொன்னேன். கண்ணைத் திறக்காமல் கையை மட்டும் நீட்டிக் காட்டினார். அங்கே இருந்தது, பார், கம்பீரமாக! நான்கு பேர் தூக்கிச் சின்ன லாரியில் ஏற்றினார்கள்.

ஷெட்டில் இறக்கினோம். தலையாட்டி சுற்றி வந்தான். ஒரு சாண் அளந்தான். தலையை ஆட்டினான். பிறகு இந்த வருடத்துக்கான தன் முதல் வார்த்தையைச் செலவு செய்தான்: "வேன்."

அதாவது, வேனுக்கான கியர்பாக்ஸாம். இரண்டு சாண் பெரிசு. உன் காரில் இதைப் பொருத்த வேண்டுமென்றால் பின் சீட்டையும் பின்னால் இருக்கிற வீட்டையும் எடுக்க வேண்டும்.

திருப்பிக் கொடுக்கப் போனால் கட்டில் காலியாக இருந்தது. ஷெட்டில் வைக்க இடமில்லை என்று தலையாட்டி தலையை ஆட்டிவிட்டான். இப்போது அது நம் கூடத்தில், டிவிக்குக் கீழே இருக்கிறது. உன் அத்தை பார்த்தாள். "இது இங்க இருக்கணும், இல்ல நான் இருக்கணும்" என்றாள். "ரெண்டு பேருக்கும் இடம் இருக்கே" என்றேன். அன்றிலிருந்து என் தட்டு சமையலறையிலிருந்து தானாக நடந்து வர வேண்டியிருக்கிறது.

நீ கேட்ட லைசென்ஸ் நகலை இணைத்திருக்கிறேன். கொஞ்சம் டீ சிந்திவிட்டது, பொறுத்துக்கொள்.

பிரிப்பது பற்றி: அவசரப்படாதே. வேறு இடத்தில் இன்னொன்று இருப்பதாகத் தகவல். ஒரு வாரம் கொடு.

மாமன்

மார்ச் 17

மாமா,

ஒரு வாரம் தர முடியாது. உங்களைக் கேட்காமல் நானே ஷெட்டுக்குப் போன் செய்தேன். வண்டி என் பேரில் இருக்கிறது, பிரியுங்கள் என்று சொன்னேன். உங்கள் தலையாட்டி நேற்றே பிரித்துவிட்டார். சாமான் ஆர்டரும் போட்டாயிற்று. இனி ஒரு நாள் பிசகினாலும் என் வேலை போச்சு. நீங்கள் வேன் வாங்கப் போன நான்கு நாளை யாரிடம் போய்க் கேட்பேன்?

இப்போது உட்கார வேண்டியது நீங்கள்.

முதல் கடிதத்தில் மூன்றிலிருந்து இரண்டாவது கியருக்கு இழுத்ததாக எழுதினீர்கள். அடுத்த கடிதத்தில் மூன்றைத் தவிர வேறு கியரே போட்டதில்லை என்கிறீர்கள். இரண்டில் ஒன்று பொய். என் மேஜைக்கு வருகிறவர்கள்கூட ஒரே வாரத்தில் இப்படி மாற்றிப் பேசுவதில்லை. குறைந்தது வக்கீலைப் பார்த்துவிட்டு வந்துதான் மாற்றுவார்கள்.

லைசென்ஸ் நகலில் டீ சிந்தியிருக்கிறது. உங்கள் பெயரில் சிந்தவில்லை, போட்டோவில் சிந்தவில்லை. காலாவதித் தேதியில் மட்டும் வட்டமாகச் சிந்தியிருக்கிறது. இந்த மாதிரி டீயை நான் நிறையக் குடித்திருக்கிறேன், மாமா.

உங்கள் மெக்கானிக் பேசமாட்டார் என்றீர்கள். என்னிடம் பேசினார். அவர் சொன்னதை அப்படியே எழுதிவைத்துக்கொண்டேன்:

"மேடம், கிளட்ச் பிளேட்டு நல்லா இருக்கு. கிளட்ச் மிதிக்கத் தெரியாதவங்க ஓட்டியிருந்தா அதுவும் கருகியிருக்கும். இது மிதிக்கத் தெரிஞ்ச காலு. கியர் ராடும் ஆட்டம் இல்ல. அது போடத் தெரிஞ்ச கை. ஆனா பல்லு ஒண்ணு பாக்கி இல்லாம போயிருக்கு. ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவுல இருக்கற பித்தளை வளையம் வழவழன்னு மோதிரம் மாதிரி ஆயிடுச்சு. முப்பது வருஷமா கியர்பாக்ஸ் பிரிக்கறேன், இப்படிப் பாத்ததில்ல. காலு ஒரு ஆளு, கை ஒரு ஆளு."

அதைக் கேட்டதும் உங்கள் முதல் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். "டாஷ்போர்டைப் பிடித்துக்கொண்டேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். வண்டி குலுங்கினால் ஓட்டுகிறவர் ஸ்டீயரிங்கைப் பிடிப்பார். டாஷ்போர்டைப் பிடிப்பது பக்கத்து சீட்டில் இருப்பவர்.

கை உங்களுடையது. கால் யாருடையது?

மார்ச் 21

அன்புள்ள மருமகளுக்கு,

தலையாட்டி இவ்வளவு பேசினானா? அடுத்த பன்னிரண்டு வருடத்துக்கு அவனிடமிருந்து 'ம்' கூட வராது.

கால் உன் அத்தையுடையது.

இந்த வரியைப் பத்து நாளாக எழுதி எழுதிக் கிழித்தேன். குப்பைக் கூடை நிரம்பி அவளே கேட்டாள், "காதல் கடிதமா?" என்று.

முதலிலிருந்து சொல்கிறேன். அலங்காரம் இல்லாமல் சொல்ல முயல்கிறேன். பழக்கமில்லை, தடுக்கினால் பொறுத்துக்கொள்.

போன ஜூலையில் லைசென்ஸைப் புதுப்பிக்கப் போனேன். முப்பத்தெட்டு வருடம் ஓட்டியவன், கண் பரிசோதனை ஒரு சடங்கு என்று நினைத்து நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்தேன். "கடைசி வரியப் படிங்க" என்றான். "எந்தக் கடைசி வரி?" என்றேன். அவன் மேலே போனான். இன்னும் மேலே போனான். பெரிய எழுத்து ஒன்று மட்டும் தெரிந்தது. அதையும் ஊகத்தில்தான் சொன்னேன், தப்பு. பெரிய டாக்டரிடம் அனுப்பினார்கள். கண்ணுக்குள் இருக்கிற திரையில் ஏதோ கெட்டுப்போய்விட்டதாம். கிட்டத்தில் இருப்பது தெரியும். விளக்கை இழுத்து வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன் பார். தூரம்தான் புகை மூட்டம். மாதம் ஒரு தடவை ஊசி போட்டால் இருப்பது இருக்கும், போனது வராது. அந்த ஆஸ்பத்திரி இங்கிருந்து பஸ்ஸில் இரண்டு மணி நேரம், நடுவில் ஒரு மாற்றம். ஊசி போட்ட கண்ணைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறிப் பார், உலகத்தில் எத்தனை முழங்கை இருக்கிறது என்று தெரியும்.

இரண்டாவது தடவை போய் வந்த மறுநாள் உன் அத்தை கார் சாவியை எடுத்து மேஜையில் வைத்தாள். "கத்துக் கொடுங்க" என்றாள்.

ஐம்பத்தாறு வயது. சைக்கிள்கூட ஓட்டியதில்லை. முறைப்படி பழகுநர் லைசென்ஸ் வாங்கினாள். விடிந்ததும் பழைய மில்லுக்குப் பின்னால் இருக்கிற காலி மைதானத்துக்குப் போவோம். அதுவரை கொண்டுபோய் விட எதிர் வீட்டு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் வருவார், லைசென்ஸ் இருக்கிறது அவரிடம், அங்கே போனதும் பின் சீட்டுக்கு மாறி பேப்பர் படிப்பார். ஸ்டீயரிங்கை அவளிடம் கொடுத்தேன். கொடுத்துவிட்டேன், மருமகளே, சத்தியமாக. பிரேக், கிளட்ச், ஆக்ஸிலரேட்டர், கண்ணாடி, ஹாரன் எல்லாவற்றையும் கொடுத்தேன். கியர் ராடை மட்டும் என்னால் கொடுக்க முடியவில்லை.

"கியர நான் பாத்துக்கறேன், நீ ரோட்டப் பாரு" என்றேன். அவள் கிளட்சை மிதிக்க வேண்டியது, நான் பக்கத்து சீட்டிலிருந்து கியர் போட வேண்டியது. இரட்டை ஆட்சி. இரண்டு ராஜா, ஒரே சிம்மாசனம். கேட்க எவ்வளவு அழகாக இருக்கிறது! ஆனால் முப்பத்தொரு வருடமாக ஜன்னலைத் திறப்பதா சாத்துவதா என்பதிலேயே உடன்பாடு வராத இரண்டு பேர். நான் இழுக்கும்போது அவள் மிதிக்கவில்லை. அவள் மிதித்தபோது நான் ஏற்கனவே இழுத்துவிட்டேன். "இப்போ" என்பேன். "எப்போ?" என்பாள். அந்த இரண்டு சொல்லுக்கு நடுவில் நசுங்கி, மைதானம் போதும் என்று ரோட்டுக்கு வந்த முதல் நாளே தண்ணீர்த் தொட்டி மேட்டில் உயிரை விட்டதுதான் உன் கியர்பாக்ஸ்.

தலைமையாசிரியர் ஒரு நாள் பேப்பரை மடக்கிவிட்டு, "சார், அம்மாவே போடட்டுமே" என்றார். மறுநாளிலிருந்து அவர் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு வரும்படி ஆயிற்று.

ஏன் திறக்கக் கூடாது என்றேன் என்று இப்போது புரிகிறதா? பிரித்தால் தலையாட்டி கண்டுபிடித்துவிடுவான் என்று தெரியும். அவன் வாயைத் திறக்கமாட்டான் என்று நம்பியது என் தப்பு.

இன்னும் ஒன்று பாக்கி. அதையும் சொல்லிவிடுகிறேன். நேற்று உன் அத்தைக்கு லைசென்ஸ் தேர்வு. நம் வண்டி பிரிந்து கிடப்பதால் டிரைவிங் ஸ்கூல் வண்டியில் போனாள். நான் வெளியே பெஞ்சில், தலைமையாசிரியர் பார்த்துப் பார்த்துச் சொல்ல. எட்டு போட்டாள், மேட்டில் நிறுத்தி எடுத்தாள், நான்கு கியரும் தானே போட்டாள். ஒரே தடவையில் தேறிவிட்டாள். இறங்கி வந்தாள். கைக்குட்டையால் உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டாள். குத்திக் காட்டியிருந்தால்கூட நான் ஏதாவது பதில் சொல்லித் தப்பித்திருப்பேன்.

உன் அம்மாவிடம் கண் விஷயத்தைச் சொல்லாதே. நானே சொல்கிறேன்.

மாமா

மார்ச் 24

மாமா,

எங்கே ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை. கோபத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

பழகுநர் லைசென்ஸ் வைத்திருப்பவருக்குப் பக்கத்தில் உட்கார வேண்டியது லைசென்ஸ் உள்ளவர். பின் சீட்டில் பேப்பர் படிக்கிறவர் அல்ல. அந்த மேட்டில் யார் மீதாவது இடித்திருந்தால் கோப்பு என் மாதிரி ஒருத்தியின் மேஜைக்குத்தான் வந்திருக்கும். மூன்று பேர் சேர்ந்து ஓட்டிய கார் என்று எந்தக் கட்டத்தில் எழுதுவேன்? படிவத்தில் அதற்கு இடமே இல்லை.

இரண்டாவது கோபம்: போன ஜூலை. எட்டு மாதம். நான் மாதம் தவறாமல் போன் செய்தேன். "கண்ணு எப்படி இருக்கு மாமா" என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை, சரி. நீங்கள் சொல்லியிருக்கலாம். வேனைப் பற்றி இரண்டு பக்கம் எழுதத் தெரிகிறது.

அம்மாவிடம் ஞாயிற்றுக்கிழமைக்குள் நீங்கள் சொல்லாவிட்டால் நான் சொல்வேன்.

இப்போது முடிவுகள். சாமான் முப்பதாம் தேதி வருகிறது. தலையாட்டி இரண்டு நாளில் மாட்டித் தருவதாகச் சொன்னார் (இந்த முறை "ஆவும்" என்று ஒரே சொல்). தேய்ந்துபோன பல்சக்கரங்களை நீங்கள் கழுவிக் கண்ணாடி அலமாரியில் வைக்கப் போவதாக அத்தை சொன்னார். கூடாது. பழைய இரும்புக்குப் போக வேண்டும், கூடவே அந்த வேன் சாமானும்.

ஏப்ரல் மூன்றாம் தேதி அத்தை காரை ஓட்டிக்கொண்டு இங்கே வருகிறார். முன் சீட்டில் தலைமையாசிரியர். பஞ்சு இல்லாமல். நீங்கள் பின் சீட்டில், ஓட்டுகிறவருக்கு நேர் பின்னால், கியர் ராடு எட்டாத இடத்தில். இதில் பேச்சுக்கே இடமில்லை.

கடைசியாக ஒன்று. இதை எழுத எனக்கே தயக்கமாக இருக்கிறது. கார் என்னிடம் வந்துவிட்டால் உங்கள் ஊசிக்கு என்ன செய்வீர்கள்? அத்தையிடம் கேட்டேன். வேலையை விட்டுவிடட்டுமா என்று கேட்கவில்லை, ஆனால் அத்தைக்கு அப்படித்தான் கேட்டிருக்கும் போல. "உளறாதே. இந்த வண்டியில கத்துக்கிட்டேன்னா இந்த வண்டியவேதான் ஓட்டணுமா? போய் வேலையில சேரு" என்று வைத்துவிட்டார். ஆனாலும் எனக்கு மனசு ஒப்பவில்லை. காரை வாங்கிக்கொள்ளவும் வேண்டியிருக்கிறது, வாங்கிக்கொள்ள வெட்கமாகவும் இருக்கிறது. உங்களைத் திட்டிக்கொண்டிருந்தவரை நிம்மதியாக இருந்தேன்.

பார்த்து வாருங்கள். நீங்கள் பார்க்க வேண்டாம், அத்தை பார்ப்பார்.

ஏப்ரல் 3
(ஓடும் காரில், பின் சீட்டில்)

மருமகளே,

இதைத் தபாலில் போட நேரமில்லை. தபால்காரனும் நான்தான், தபால் வண்டியும் இதுதான். எழுத்து எங்கெங்கோ துள்ளினால் அது ரோட்டின் குற்றம். உன் அத்தையின் குற்றம் இல்லை. இதை எழுதச் சொன்னதே அவள்தான்.

காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம். உன் நிபந்தனைகள் அனைத்தும் அமலில். தலைமையாசிரியர் முன்னால், ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை கிலோமீட்டர் கல்லைச் சத்தமாக வாசிக்கிறார், பள்ளிக்கூடத்தில் வருகைப்பதிவு எடுப்பது மாதிரி. நான் பின்னால், நாடு கடத்தப்பட்ட மன்னன். என் மடியில் சாப்பாட்டுக் கூடை. கூடையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னது உன் அத்தை. இரண்டு கையாலும் பிடிக்கச் சொன்னாள். எதற்கென்று எனக்குத் தெரியும்.

உன் அம்மாவுக்குச் சனிக்கிழமையே போன் செய்துவிட்டேன். ஒன்றரை மணி நேரம். நீ திட்டியது அதன் பக்கத்தில் தாலாட்டு.

உன் வெட்கம் பற்றி: அதைப் பொட்டலம் கட்டித் தூரப் போடு. இந்த நான்கு மணி நேரத்தில் ரோட்டோரத்தில் பழைய கார் விற்கிற இடம் நான்கு வந்தது. நான்கிலும் வண்டியின் வேகம் தானாகக் குறைந்தது. "எதுக்குடி ஸ்லோ பண்றே?" என்றேன். "வண்டி சூடாயிடும்" என்றாள். தலைமையாசிரியர், "அந்தச் சிவப்பு நல்லா இருந்துச்சும்மா" என்றார். எனக்கு அது சிவப்பா என்பதுகூடத் தெரியவில்லை. ஆக, அங்கே ஒரு சதி நடந்துகொண்டிருக்கிறது. என்னைக் கலந்தாலோசிக்கவில்லை.

எழுத வந்த விஷயம் வேறு. பத்து மணிக்கு ஒரு பெரிய மேடு வந்தது. தண்ணீர்த் தொட்டி மேடெல்லாம் இதன் கொள்ளுப் பேத்தி. முன்னால் ஒரு லாரி என்றார் தலைமையாசிரியர். வேகம் குறைந்தது. இன்ஜின் மூச்சு வாங்கியது. இரண்டாவது கியருக்கு வர வேண்டிய இடம் வந்துவிட்டது என்று என் உடம்புக்குத் தெரிந்துவிட்டது. முப்பத்தெட்டு வருடம், மருமகளே, உடம்பு கேட்குமா? கை தானாகக் கூடையை விட்டுவிட்டு முன்னால் போய் வெறும் காற்றைப் பிடித்துக்கொண்டது. கண்ணாடியில் பார்த்துவிட்டாள்.

"கைய எடுங்க."

"இங்க ஒண்ணுமே இல்லடி."

"இல்லாட்டியும் எடுங்க."

எடுத்தேன். பிறகு சத்தத்துக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். தலைமையாசிரியரும் தோளைக் குறுக்கிக்கொண்டார். சத்தம் வரவில்லை. எப்போது மாற்றினாள் என்றே தெரியவில்லை, வண்டி இரண்டாவதில் ஏறிக்கொண்டிருந்தது. நான் ஓட்டிய காலத்திலும், அவள் கற்றுக்கொண்ட காலத்திலும், என் கை பட்ட கியர் எதுவும் இப்படி விழுந்ததில்லை. இதை உயர்வு நவிற்சி என்று நினைக்காதே. தலைமையாசிரியரைக் கேள்.

மேட்டின் உச்சிக்கு வந்ததும், "நல்லா போட்டே" என்றேன். என்ன சொன்னீர்கள் என்றாள். காற்றில் கேட்கவில்லையாம். மறுபடி சொல்ல வைத்தாள். மூன்றாவது தடவைதான் கேட்டதாக ஒப்புக்கொண்டாள்.

உன் தெருவுக்குள் திரும்பிவிட்டோம். வீட்டு எண்களைத் தலைமையாசிரியர் வாசிக்கிறார். கடைசியில் ஒரு கேட், அதன் முன்னால் யாரோ நிற்கிறார்கள் என்று மட்டும் தெரிகிறது. நீயா, வீட்டுக்காரரா, கேட்டின் தூணா என்று எனக்குப் பிடிபடவில்லை. கேட்க வாயெடுத்தேன். அதற்குள் உன் அத்தை ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் சொல்கிறாள்:

"அவதான். கையக் காட்டுங்க."

காட்டுகிறேன்.